எட்டு கார்ட் தெரியும், ஒரு பாட்டு வராது

கிட்டாரில் எனக்கு எட்டு கார்ட் (பல கம்பிகளை ஒன்றாக ஒலிக்கவைக்கிற விரல் பிடி; ஜி, சி என்பதெல்லாம் அவற்றின் பெயர்) தெரியும், ஆனால் ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது. இந்த நிலையிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தேன். ஜி பிடிக்கச் சொன்னால் பிடிப்பேன், ஆறு கம்பியும் சுத்தமாகப் பேசும். சி-யும் பிடிப்பேன், ஒரு கம்பி மட்டும் பேசாது. ஜி-யில் இருந்து சி-க்குப் போகச் சொன்னால்தான் வம்பு. இடது கையைத் தூக்கி, ஒவ்வொரு விரலாக எங்கே வைப்பது என்று தேடி, வைத்து, அழுத்தி, சரியாக விழுந்ததா என்று எட்டிப் பார்ப்பதற்குள் பாட்டு அடுத்த வரியைத் தாண்டியிருக்கும். அந்த ஒரு வருஷத்தில் கிட்டார், வகுப்பு, ஆன்லைன் பாடம் என்று 11,700 ரூபாய் போயிற்று. கடைசியில் என்னை நகர்த்தியது 950 ரூபாய் வேலையும் ஒரு சாயங்காலப் பேச்சும். முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பீரோவுக்கு மேல் கிட்டாரை ஏற்றிவைத்துவிட்ட யாருக்காவது உதவினால் சரி.

முதலில் கிட்டார் வாங்கிய கதை. ஆன்லைனில் 4,200 ரூபாய்க்கு ஒரு காம்போ. பை, பெல்ட், கொஞ்சம் பிக், உபரியாக ஒரு செட் கம்பி, கேப்போ (கழுத்தில் மாட்டினால் எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கிற கிளிப்) எல்லாம் சேர்த்து. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. வந்த அன்றைக்கே விரல் நுனி எரிய ஆரம்பித்தது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: ஆரம்பத்தில் வலிக்கத்தான் செய்யும், தோல் காய்த்துப்போனால் சரியாகிவிடும். தோல் சில வாரங்களிலேயே காய்த்துவிட்டது, அது உண்மை. ஆனால் முதல் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட், தலைப் பக்கத்தில் இருந்து எண்ண வேண்டும்) விரல் வைக்கிற கார்ட் எதுவும் வழிக்கு வரவில்லை. சி கார்டில் ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பியின் (மெல்லிய கம்பியில் இருந்து எண்ணினால்) முதல் ஃப்ரெட்டில் உட்கார வேண்டும். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாலும் அந்தக் கம்பி 'டப்' என்று செத்த சத்தம்தான் தரும். அதே கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் லேசாகப் போகும், மணி மாதிரி கேட்கும். இந்த வித்தியாசம்தான் கிட்டாரில் கோளாறு இருப்பதற்கான முதல் அடையாளம். உங்களுக்கும் இப்படி இருந்தால், இன்னும் பழக வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாமல் முதலில் வாத்தியத்தை யாரிடமாவது காட்டுங்கள்.

அப்புறம் வகுப்பு. சேர்க்கைக் கட்டணம் 500, மாதம் 1,500, மூன்று மாதப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், திருப்பித் தரமாட்டார்கள். ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள், நான் ஒருத்தன்தான் முப்பதைத் தாண்டியவன். வாரம் ஒரு புது கார்ட். ஜெராக்ஸ் எடுத்த ஒரு படத்தைக் கொடுப்பார்கள், பிடித்துக் காட்டச் சொல்வார்கள், பிடித்தால் ஒரு டிக். அடுத்த வாரம் அடுத்த கார்ட். கார்ட் மாற்றுகிறபோது கை நின்றுபோகிறது என்று கேட்டால், "பிராக்டிஸ் பண்ணுங்க சார், தானா வரும்" என்று பதில். அந்தப் பையன்களுக்குத் தானாகவே வந்ததுபோலத்தான் இருந்தது, அதனால் எனக்கு வராதது என் வயதால்தான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அந்தப் பையன்களில் பாதிப் பேருடைய கிட்டார் என்னுடையதைவிட நல்ல கிட்டார், அவ்வளவுதான் விஷயம். மூன்று மாதம் முடிந்ததும் நின்றுவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு விளம்பரத்தைப் பார்த்து 2,500 ரூபாய்க்கு ஒரு ஆன்லைன் கோர்ஸும் வாங்கினேன். வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாமாம். முதல் பத்து வீடியோவில் இருந்ததெல்லாம் இலவசமாகவே யூட்யூபில் கிடைக்கிறது. சொல்லிக்கொடுத்தவர் நன்றாக வாசித்தார், அதில் குறையில்லை. ஆனால் வீடியோவுக்கு என் கை தெரியாதே. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க ஆள் இல்லாததுதான் தனியாகப் பழகுவதில் உள்ள பெரிய கஷ்டம். ராத்திரி வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், அரை மணி நேரம் ஜி, சி, ஜி, சி என்று மாற்றிக்கொண்டிருப்பேன். அம்மா அடுக்களையில் இருந்து, "அதே சத்தம்தான் வருது, பாட்டு எப்பப்பா வரும்?" என்று கேட்பார்கள். கேலி ஒன்றும் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது. கொஞ்ச நாள் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன், அப்புறம் பழகுவதே குறைந்துவிட்டது.

ஒரு நாள் கம்பி மாற்றும்போது முதல் கம்பி அறுந்துபோனதால்தான் எல்லாம் மாறியது. பாளையங்கோட்டையில் ஒரு அண்ணன் வீட்டிலேயே கிட்டார் பழுது பார்ப்பார் என்று ஆபீசில் ஒருவர் சொல்லி அனுப்பினார். அந்த அண்ணன் சர்ச் குவயரில் பல வருஷமாக வாசிக்கிறவர். எங்கள் பக்கம் நிஜமாகவே கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றால் சர்ச்சுக்குத்தான் போக வேண்டும், வாராவாரம் ஆட்கள் முன்னால் நிற்காமல் வாசித்துப் பழகியவர்கள் அவர்கள்தான். அண்ணன் என் கிட்டாரை மடியில் வைத்து முதல் ஃப்ரெட்டில் ஒரு எஃப் கார்ட் பிடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "என்ன தம்பி, இத வச்சா இவ்வளவு நாளும் பழகுதீய?" என்றார். பிறகு என் பையில் கிடந்த கேப்போவை எடுத்து முதல் ஃப்ரெட்டில் மாட்டி என்னிடம் நீட்டினார். "இப்பம் அந்த சி-ய பிடிங்க பாப்போம்." பிடித்தேன். விரல் வைத்த உடனே கம்பி கீழே போய்விட்டது. அந்த இரண்டாவது கம்பி முதல்முறையாகப் பேசியது. சந்தோஷம்தான், ஆனால் அடுத்த நிமிஷமே வந்தது கோபம். இத்தனை மாதம் என் விரலைத் திட்டிக்கொண்டிருந்தேனே என்று.

விஷயம் இதுதான். கிட்டாரின் தலைப் பக்கத்தில், கம்பிகள் உட்காருவதற்குப் பள்ளம் வெட்டிய ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருக்கும், அதன் பெயர் நட். அந்தப் பள்ளம் ஆழம் குறைவாக இருந்தால் கம்பி உயரமாக நிற்கும், முதல் இரண்டு ஃப்ரெட்டில் அழுத்தத் தேவையில்லாத பலம் வேண்டியிருக்கும். புதிதாகப் பழகுகிறவன் பிடிக்கிற கார்ட் எல்லாமே அந்த முதல் மூன்று ஃப்ரெட்டில்தான் இருக்கிறது. விலை குறைந்த கிட்டார்களில் ஏன் இப்படி விடுகிறார்கள் என்று கேட்டேன். கூடுதலாக வெட்டிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரையும், சரக்கு திரும்பி வரும். குறைவாக வெட்டினால் வாங்கியவன் தன் விரலைத்தான் குறை சொல்லுவான் என்றார். நான் அதற்கு நல்ல உதாரணம்.

வீட்டிலேயே பார்க்கலாம், கடினமில்லை. கேப்போ சோதனை மேலே சொன்னதுதான்: முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் கார்ட் திடீரென்று சுலபமானால் நட் உயரம் என்று அர்த்தம். இன்னொன்று, ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சம் தெரியும் தெரியாமல், ஒரு தாள் போகிற அளவுக்கும் குறைவாக இருக்க வேண்டும். என் கிட்டாரில் விசிட்டிங் கார்டே தாராளமாகப் போனது. அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு ஸ்கேலை வைத்து ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள உயரத்தைப் பாருங்கள். தடித்த ஆறாவது கம்பி சுமார் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பி 2 மில்லிமீட்டர் என்று இருந்தால் நல்லது. என்னுடையது 4-ஐத் தாண்டியிருந்தது. அண்ணன் மெல்லிய அரங்களால் ஒவ்வொரு பள்ளமாக ராவினார், ராவுவதும் கம்பியை மறுபடி முறுக்கி அளந்து பார்ப்பதுமாகப் பொறுமையாகச் செய்தார். கிட்டார் உடம்பில் கம்பிகளைக் கட்டியிருக்கிற பிரிட்ஜில், கம்பிகளைத் தாங்கி நிற்கிற சேடில் என்ற துண்டைக் கழற்றி அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தார். கிட்டாரோடு வந்த கம்பி 12 கேஜ், அதாவது முதல் கம்பியின் தடிமன் 0.012 அங்குலம், அதை எடுத்துவிட்டு 10 கேஜ் போட்டார். சத்தம் கொஞ்சம் மெலிந்தது, அழுத்துவது நிறையவே இளகியது. கூலி 500, கம்பி 450. இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்காதீர்கள், நட்டில் ஒரு இழை அதிகமாக ராவிவிட்டால் கம்பி இரைய ஆரம்பிக்கும், நட்டையே மாற்ற வேண்டிவரும். புது கிட்டார் வாங்குகிறவர்கள் விலையோடு இந்த வேலைக்கும் ஒரு ஆயிரம் ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கினால், வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போய் முதல் ஃப்ரெட்டில் எஃப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த ஒரு கார்ட் போதும்.

கிட்டார் சரியானதும் கார்ட் மாற்றமும் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. வலி போனது, வேகம் வரவில்லை. அண்ணன், "ஜி-ல இருந்து சி-க்கு போங்க" என்று சொல்லிவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க விரல் ஊருக்குப் போயிட்டுல்லா வருது" என்றார். உண்மைதான். ஜி-யை விட்டதும் என் நான்கு விரலும் கம்பியை விட்டு ஒரு விரற்கடை தூரம் மேலே எழும்பி, விறைத்து நின்று, அங்கிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. அதைவிட முக்கியமாக இன்னொன்றைக் கவனித்தார். இடது கை தேடிக்கொண்டிருக்கும்போது வலது கை காற்றில் நின்று காத்திருந்தது. "வலது கை பஸ் மாதிரி தம்பி, அது நிக்காது. இடது கைதான் ஓடி வந்து ஏறணும்" என்றார். கார்ட் சரியாக விழாவிட்டாலும் பரவாயில்லை, கம்பி டப்பென்று கேட்டாலும் பரவாயில்லை, அடி தவறக் கூடாது. வகுப்பில் மூன்று மாதமும் இதற்கு நேர்மாறாகத்தான் பழகியிருந்தேன்: கார்ட் சுத்தமாக விழுந்த பிறகுதான் அடிக்க வேண்டும். அப்படிப் பழகினால் கை கற்றுக்கொள்வது நிற்பதை மட்டும்தான்.

கேட்கிறவர்களுக்குத் தவறான சுரத்தைவிட நின்றுபோன தாளம்தான் உடனே தெரியும். இதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்குச் சிரமமாக இருந்தது. சுத்தமாக வராத சத்தத்தை வேண்டுமென்றே எழுப்பிக்கொண்டு போவது முதலில் கூச்சமாக இருந்தது. அண்ணன் இதற்கு ஒரு வழி காட்டினார். போனில் சீராகத் தட்டுப் போடுகிற மெட்ரோனோம் ஆப் இலவசமாகவே கிடைக்கும், அதை 60-ல் வையுங்கள், ஒரு தட்டுக்கு ஒரு விநாடி. நாலு தட்டு ஒரு கார்ட், அடுத்த நாலு தட்டு அடுத்த கார்ட். முதல் தட்டில் மட்டும் ஒரே ஒரு அடி. மிச்சம் இரண்டு, மூன்று, நாலு என்கிற மூன்று தட்டும் விரலை நகர்த்திக்கொள்ளத்தான். அவ்வளவு நேரம் யாருக்கும் போதும். அது வந்த பிறகு முதல் இரண்டு தட்டிலும் அடி, நகர இரண்டு தட்டு. பிறகு மூன்று அடி, நகர ஒரே தட்டு. கடைசியாக நாலிலும் அடி. நான் மூன்றாவது கட்டத்தில்தான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டேன். அங்கே மாட்டினால் வேகத்தை 50-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், கட்டத்தை மட்டும் மாற்றாதீர்கள். இன்னொரு சமாதானம்: நன்றாக வாசிக்கிறவர்களும் கார்ட் மாறுவதற்கு முந்தைய கடைசி மேலடியில் (கீழிருந்து மேலே அடிக்கிற அடி) பல நேரம் விரலை எடுத்துவிட்டு வெறும் கம்பியைத்தான் அடிக்கிறார்கள். பாட்டின் ஓட்டத்தில் அது நம் காதில் விழுவதே இல்லை. இது தெரிந்தபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

இடது கைக்கு இரண்டு வேலை. ஒன்று, பறக்கிற விரலை அடக்குவது. ஒரு கார்டைப் பிடியுங்கள், அழுத்தத்தை மட்டும் விடுங்கள், விரல் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், மறுபடி அழுத்துங்கள். அப்புறம் ஒரு நூலளவு மேலே தூக்கி, கார்டின் வடிவம் கலையாமல், நான்கும் ஒன்றாக இறங்குகிறதா என்று பாருங்கள். வலது கையே தேவையில்லை, டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், வீட்டில் யாருக்கும் தொந்தரவும் இல்லை. (அம்மா கேள்வி கேட்பது நின்றது இந்தக் கட்டத்தில்தான், சத்தமே வரவில்லை என்பதால்.) இரண்டாவது வேலை, எந்த விரல் முதலில் இறங்குகிறது என்பது. சி பிடிக்கும்போது நான் ஆள்காட்டி விரலை முதலில் வைப்பேன், பிறகு நடுவிரல், கடைசியில் மோதிர விரல். ஆனால் வலது கை மேலிருந்து கீழே அடிக்கும்போது முதலில் தொடுவது ஐந்தாவது கம்பியை, அங்கே இருக்க வேண்டியது மோதிர விரல். அதுவோ கடைசியில்தான் வந்து சேரும். அதனால்தான் என் சி எப்போதும் தொடக்கத்தில் இரையும், முடிவில் சரியாகும். வரிசையைத் திருப்பி, மோதிர விரலை முதலில் இறக்கிப் பழகினேன். மற்ற இரண்டும் அடி அங்கே வந்து சேர்வதற்குள் பின்னால் வந்துவிடும். கொஞ்ச நாளில் மூன்றும் ஒன்றாகவே இறங்க ஆரம்பித்தன.

இதில் ஒரு வேடிக்கை. நம் ஊரில் கிட்டார் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் மனதில் எண்பதுகளில் இளையராஜா போட்ட ஏதோ ஒரு கிட்டார் பாட்டுதான் இருக்கும். அவரே முறையாக கிளாசிக்கல் கிட்டார் படித்துத் தேறியவர். அந்த மாதிரிப் பாட்டு நமக்கெல்லாம் ரொம்ப தூரம் என்று நான் தொடாமல் இருந்தேன். ஆனால் கம்பியைத் தனித்தனியாக மீட்டுகிற வாசிப்பில் எல்லா விரலும் ஒரே நொடியில் வந்து சேர வேண்டிய கட்டாயமே இல்லை. முதலில் மீட்டுகிற தடித்த கம்பியின் விரல் மட்டும் நேரத்துக்கு வந்தால் போதும், மற்றவை அவை அவை பேசுகிற முறை வரும்போது வந்தால் சரி. நாலு சுரம் மெதுவாக மீட்டிப் பழகியதில் என் மாற்றம் ஸ்ட்ரம்மிங்கைவிட (எல்லாக் கம்பியையும் சேர்த்து அடிப்பதைவிட) வேகமாகத் தேறியது. ஸ்ட்ரம் அடித்து வெறுத்துப்போனவர்கள் இதை ஒரு வாரம் முயன்று பாருங்கள்.

கார்டுகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஜோடியாகப் பாருங்கள் என்பதும் அண்ணன் சொன்னதுதான். ஒரு கார்டில் இருந்து அடுத்ததற்குப் போகும்போது நகராமல் இருக்கிற விரல் எது என்று முதலில் தேட வேண்டும். ஏ மைனரில் இருந்து சி-க்குப் போக ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும், மோதிர விரல் மட்டும் மூன்றாவது கம்பியில் இருந்து ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் போகும். நான் இதற்குக்கூட மூன்று விரலையும் தூக்கிக்கொண்டிருந்தேன்! ஈ-யில் இருந்து ஏ மைனருக்கு வடிவம் மாறாது, மூன்று விரலும் அப்படியே ஒரு கம்பி கீழே, அதாவது தரைப் பக்கமாக, இறங்கும். டி-யில் இருந்து ஏ-க்குப் போக, ஏ-யை நடுவிரல், ஆள்காட்டி, மோதிரம் என்ற வரிசையில் நாலாவது, மூன்றாவது, இரண்டாவது கம்பிகளில் பிடித்தால் ஆள்காட்டி விரல் நகரவே வேண்டாம், மோதிர விரல் அதே இரண்டாவது கம்பியில் ஒரு ஃப்ரெட் பின்னால் வழுக்கி வரும். என் பரம எதிரியான ஜி-சி ஜோடிக்கு, ஜி-யை மோதிர விரல், நடுவிரல், சுண்டு விரலால் பிடிக்கச் சொன்னார். மோதிர விரலும் நடுவிரலும் ஆளுக்கு ஒரு கம்பி கீழே இறங்கினால் சி-யில் பாதி முடிந்தது, ஆள்காட்டி விரல் வந்தால் முழுசும் முடிந்தது. சுண்டு விரலுக்குப் பலம் வர நாளாகும், வகுப்பில் சொன்ன ஜி-யை விட்டுவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கிறோமே என்று கடுப்பாகவும் இருக்கும். ஆனாலும் லாபம்தான்.

ஜோடிக்கு ஒரு நிமிஷம் என்று வைத்து, அந்த நிமிஷத்தில் எத்தனை மாற்றம் வருகிறது என்று எண்ணிக் குறித்துவைப்பது பல கிட்டார் ஆசிரியர்கள் சொல்லுகிற பழக்கம்தான். நிமிஷத்துக்கு 60 என்பது அவர்கள் வைக்கிற இலக்கு. 30 வந்தாலே மெதுவான பாட்டுகளுக்குப் போதும் என்பது என் அனுபவம். எண்ணிக்கையைவிட, ஒரு சமயத்தில் இரண்டு ஜோடிக்கு மேல் எடுக்காமல் இருப்பது முக்கியம். நேரமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அடிப்பதைவிட காலையில் பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம் என்று தினமும் பழகினால் கைக்கு ஏறுகிறது. ராத்திரி வரவே வராத மாற்றம் காலையில் எழுந்து எடுத்தால் வந்துவிடுகிற அதிசயத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தூக்கத்தில் மூளை அதை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது என்கிறார்கள்.

மணிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விரல் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்காக கிட்டாரின் முகத்தை மேலே சாய்த்துக்கொண்டு வாசிப்பேன். அப்படிச் சாய்த்தால் மணிக்கட்டு கூடுதலாக மடங்கும், கட்டைவிரல் பின்னால் இருந்து இறுக்கிப் பிடிக்கும், விரல் சுதந்திரமாக ஓடாது. நட் உயரமாக இருந்த காலத்தில் பலத்தையெல்லாம் கட்டைவிரலில்தான் கொடுத்தேன், ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடும்போதே வலித்தது. விரல் நுனி எரிவது வேறு, மணிக்கட்டு வலியும் விரல் மரத்துப்போவதும் வேறு. இரண்டாவது வகை வந்தால் கிட்டாரை வைத்துவிட்டு ஓய்வு கொடுங்கள், தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். கழுத்துப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, முகத்தை நேராக வைத்து, விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல அதன் பின்னால் வைத்தால் பாதி பலம் போதும். பார்க்காமல் எப்படி என்றால், ஜோடிப் பழக்கத்தையே கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். முதலில் கன்னாபின்னாவென்று விழும், நாலைந்து நாளில் கைக்கு வழி தெரிந்துவிடும்.

பாட்டு தேர்ந்தெடுப்பதில்தான் நான் இன்னும் கொஞ்ச நாளை வீணாக்கினேன். இணையத்தில் கிடைக்கிற தமிழ்ப் பாட்டு கார்ட் தாள்களில் பாதி தப்பாக இருக்கும், மீதிப் பாதியில் பி மைனரும் எஃப்பும் இருக்கும். இரண்டுக்கும் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துப் பல கம்பியை ஒன்றாக அழுத்த வேண்டும். இங்கே கேப்போ கைகொடுக்கும். பி மைனர், ஜி, டி, ஏ என்று போகிற பாட்டை ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி ஈ மைனர், சி, ஜி, டி என்று பிடித்தால் அதே சுருதியில் ஓடும். படுக்கவைக்கிற கார்ட் ஒன்றுகூட வராது. தாளத்தையும் பாருங்கள். வகுப்பில் எல்லாம் நாலு எண்ணிக்கைதான் சொல்லித் தருவார்கள், நம் மெலடிப் பாட்டுகளில் ஏகப்பட்டவை ஆறு எண்ணிக்கையில் போகிறவை. ஒன்றிலும் நாலிலும் கீழடி, கார்ட் பெரும்பாலும் ஒன்றில் மாறும், சில இடத்தில் நாலிலேயே மாறும். நாலு எண்ணிக்கையில் சரளமாக வந்த மாற்றம் ஆறில் எனக்கு மறுபடி தடுமாறியது, தனியாகப் பழக வேண்டியிருந்தது. யூட்யூபில் பாட்டின் வேகத்தை 0.75-க்குக் குறைத்து அதோடு சேர்ந்து வாசியுங்கள், மெட்ரோனோமைவிட அலுப்பில்லாமல் போகும்.

வகுப்பில் சேருகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: ஒரு வகுப்பில் என் கையை எத்தனை நிமிஷம் பார்ப்பீர்கள்? ஐந்து நிமிஷம் என்று உறுதியாகச் சொன்னால்கூட சேரலாம். ஒரு மாதப் பணம் மட்டும் கட்டுகிறேன் என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் எனக்கு நல்ல அனுபவம் இல்லை.

எஃப் இன்னும் முழுசாக வரவில்லை. தடித்த இரண்டு கம்பியையும் விட்டுவிட்டு, ஆள்காட்டி விரலால் முதல் இரண்டு கம்பியை மட்டும் முதல் ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்துகிற சின்ன எஃப்பை வைத்து ஒப்பேற்றுகிறேன். சி-யில் இருந்து அதற்குப் போக நடுவிரலும் மோதிர விரலும் ஆளுக்கு ஒரு கம்பி கீழே இறங்கினால் போதும், ஆள்காட்டி விரல் இருந்த இடத்திலேயே படுத்துக்கொள்ளும். அண்ணனுக்கு இந்தச் சின்ன எஃப்பும் பிடிக்காது, ஏழாவது ஃப்ரெட் கேப்போவும் பிடிக்காது, மாண்டலின் வாசிக்கிற மாதிரி இருக்கு என்பார். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. இப்போது அடுக்களையில் இருந்து பாட்டின் பெயரையே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.